போனக்காட்டு ஏற்றமும் ஒரு கியர் ஆயில் கூலரும்

அன்றைக்கு அந்த வளைவில் நான் வண்டியை நிறுத்தியது பயத்தினாலா, புத்தியினாலா?

இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. என் கணவரைக் கேட்டால் "புத்திதான்" என்கிறார். ஆனால் சொல்வதற்கு முன்னால் லேசாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

விதுராவைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டையும் தாண்டி, போனக்காடு எஸ்டேட்டுக்கு ஏறும் பாதை. மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் கசியும் பாறை, மறுபக்கம் காடு. எங்கள் பிக்கப் வண்டியின் முதுகில் மறுநாள் கல்யாணத்துக்கான அண்டாக்கள், பாயசம் காய்ச்சும் பெரிய வார்ப்புகள், இரும்பு அடுப்புகள், மடக்கு மேசைகள். ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் அவை எல்லாம் சேர்ந்து ஒரு தடவை முழங்கும்.

ஓட்டுவது நான். பக்கத்தில் என் கணவர் சிவகுமார், கையில் என் போன். வண்டியில் செருகிய ஒரு சின்னக் கருவி, கியர் பெட்டிக்குள் ஓடும் ஆயிலின் வெப்பத்தைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நூறைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

"நூத்திப் பதினெட்டு," என்றார். அடுத்த வளைவில், "நூத்தி இருவது."

ஆக்சிலரேட்டரில் காலை லேசாகத் தளர்த்தினேன்.

"ஏ.சி.யும் போச்சு போலிருக்கு. சுடுகாத்தா வருது."

கொஞ்சம் அகலமான இடம் தெரிந்ததும் ஓரம் கட்டினேன்.

"என்னத்துக்கு நிறுத்துன? இன்னும் பாதி தூரம் கிடக்குல்லா?"

"தெரியல," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

கிளட்ச் இல்லாத வண்டி

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்களுடையது திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைத்தெருவுக்குப் பின்புறம், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. மாமனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. இப்போது மாமியாரும் கணவரும் நானும் நடத்துகிறோம். நான் கல்யாணத்துக்கு முன்பு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். மகள் மீனு பிறந்த பிறகு கடைக்கு வந்துவிட்டேன்.

கணவர் ஒரு மழைக்காலத்தில் பைக்கிலிருந்து விழுந்தார். இடது கணுக்காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு கிளட்ச் மிதித்தால் சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும். அந்த நேரம் பார்த்து எங்கள் டிரைவரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

அப்போது கிடைத்ததுதான் இந்த பிக்கப். கொல்லத்தில் ஒருவர் ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய் விற்றது. தானாகவே கியர் மாறும், கிளட்ச் கிடையாது. கணவர் வலது காலை மட்டும் வைத்து ஓட்டலாம். ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் ஓட்டியறியாத நானும் ஓட்டலாம். பாதி ஓட்டம் அவர், பாதி ஓட்டம் நான் என்று ஆனது.

இந்த ஸ்டீயரிங் எனக்குப் பிடித்துப்போன விஷயத்தை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலை என்று மட்டும் சொன்னேன்.

ஒரு கோடையில் பொன்முடி மலைக்கு ஒரு கல்யாணச் சாமான் ஏற்றிப்போனபோது, பாதி வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பால் அடிப்பிடித்த வாசனையும் கருகிய ரப்பர் வாசனையும் கலந்து வந்தது. வண்டி ஆறும்வரை நின்றோம். மேலே அடுப்பே இல்லாமல் சமையல்காரர் காத்திருந்தார். அவர் அன்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எளா, சூடாவுத வண்டிய வச்சிக்கிட்டு எதுக்குக் கிடந்து அல்லாடுகிய? வித்துப்போட்டு கியர் உள்ள வண்டியா ஒண்ணு வாங்குங்க. ஒரு டிரைவரப் போடுவோம். நீ வீட்ல இருந்து பிள்ளையப் பாரு, மக்ளே."

அதில் கோபம் எதுவும் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்லையா அண்ணாச்சி கடைக்கு வந்தார். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை பார்த்தவர். எஸ்டேட் ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. இருந்தாலும் மகள் கல்யாணத்தை அங்கேயுள்ள கோயிலில்தான் நடத்த வேண்டும் என்று நின்றார். ஏற்கெனவே ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம், அந்த ரோட்டுக்குப் பாத்திரம் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நாங்க வாறோம்," என்று கணவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார்.

அண்ணாச்சி போனதும் பேச்சு முடிவானது. "போனக்காடு ஏறி இறங்கிட்டுன்னா வண்டிய வச்சிக்கிடுவோம். வழியில நின்னுச்சுன்னா அம்ம சொன்னதுதான். வித்துரலாம்."

சரி என்றேன். அவருக்குத் தெரியாமல் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பலகைச் சிலேட்டு அளவுக்கு ஒன்று

இந்த மாதிரி வண்டியின் கியர் பெட்டிக்குள் சிவப்பு நிறத்தில் ஓர் ஆயில் ஓடும். பாரம் ஏற்றி, மெதுவாக, மேடு ஏறினால் அது கொதிக்கும். கம்பெனிக்காரர்கள் அதை ரேடியேட்டரின் ஒரு மூலை வழியாகச் சுற்றிவிட்டு ஆற்றுகிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்து போக அது போதும். வார்ப்பும் அடுப்பும் ஏற்றி மலைக்குப் போக, போதாது.

அதற்குத் தனியாக ஒரு கூலர் வைக்கலாம் என்று படித்தேன். பார்க்கக் குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும், பிள்ளைகளின் சிலேட்டு அளவுக்கு. வண்டி முகப்பில் காற்றுப் புகும் கம்பி ஜாலிக்குப் பின்னால், எதிர்க்காற்று முதலில் அடிக்கும் இடத்தில் பொருத்த வேண்டும்.

மீனு பள்ளிக்குப் போன காலை வேளைகளில் இதையே படித்தேன். ஒரு வகையில், நெளிநெளியாக வளைத்த ஒரே குழாய், அதைச் சுற்றித் தகடுகள். இன்னொரு வகையில், தட்டையான அடுக்குகள். இரண்டாவதுதான் அதே அளவில் அதிகம் குளிரவைக்கும் என்றிருந்தது. சரி, எத்தனை பெரியது? பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை அந்த அளவுக்கு வெட்டி ஜாலிக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்தேன். ஹாரன் இடித்தது. அட்டையைக் குறைத்து வெட்டினேன். அந்த அட்டை சௌகரியமாக உட்கார்ந்த அளவில்தான் கூலரை ஆர்டர் செய்தேன்.

செய்துவிட்டு ரத்து செய்தேன். மழைக்காலத்தில் ஆயில் தேவைக்கு மேல் குளிர்ந்துவிட்டால்? மறுபடி படித்தேன். ரேடியேட்டரைக் கடந்து வரும் ஆயிலைத்தான் இந்தக் கூலருக்குள் விட வேண்டும், நம் ஊர் வெயிலில் அப்படியொன்றும் உறைந்துவிடாது என்று மனசு சமாதானமாயிற்று. மறுபடி ஆர்டர் செய்தேன்.

"சேல எடுக்கக்கூட நீ இவ்வளவு யோசிச்சதில்ல," என்றார் கணவர்.

"சேல நடுவழில புகைஞ்சு நிக்காதுல்லா."

தெர்மாமீட்டர் பற்றி ஒரு கிளைக்கதை

எனக்கு எண்களோடு ஒரு பழைய தகராறு உண்டு. மீனு கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் தெர்மாமீட்டரைக் கீழே வைக்க மாட்டேன். அளப்பேன், நம்பாமல் மறுபடி அளப்பேன். இடது கக்கத்தில் ஒன்று, வலது கக்கத்தில் ஒன்று.

ஒரு தடவை, நான் குறித்து வைத்திருந்த எண்களை எல்லாம் டாக்டர் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "நம்பர் எல்லாம் ஓகே. குட்டி பால் குடிச்சோ? விளையாடினோ? அதைச் சொல்லுங்க."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவர்தான், "குடிச்சா, விளையாடவும் செஞ்சா," என்றார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வளைவுக்குத் திரும்பும்போது தெரியும்.

இரண்டு பைப், இரண்டு கை

கிள்ளிப்பாலம் பக்கத்தில் ஷிபுவின் வொர்க்‌ஷாப். எங்கள் பழைய வண்டியையும் அவர்தான் பார்த்தார். தமிழ் டிரைவர்கள் நிறையப் பேர் வருவதால் அவருடைய தமிழ் தனி ரகம்.

கூலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேச்சீ, கம்பெனி வைக்காத சாதனம் நம்ம எதுக்கு வைக்கணும்?"

"கம்பெனிக்காரங்க போனக்காட்டுக்கு வார்ப்பு ஏத்திட்டுப் போகலியே ஷிபு."

"அது சரியாணு," என்றார், சரியில்லை என்ற முகத்தோடு.

கூலரின் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் நாடாவை நுழைத்து, பின்னாலிருக்கும் ஏ.சி. ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குலுங்கிக் குலுங்கி ஒன்றையொன்று தேய்த்து ஓட்டையாகிவிடும். கூலரைத் தாங்க இரும்புப் பட்டையில் கால் அடித்துத் தரச் சொன்னேன். கையிருப்பில் இருந்த டீசல் ஹோஸைப் போடுகிறேன் என்றார். கியர் ஆயிலின் சூட்டைத் தாங்கும் ஹோஸை நான் கையோடு வாங்கி வந்திருந்தேன். அதை எடுத்து நீட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. டீ குடிக்கப் போய்விட்டார்.

அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று ஒரு டீ நேரம் முழுக்க நின்று யோசித்தேன்.

ஆனால் திரும்பி வந்தவர், கடையில் கிடந்த பட்டையை வளைத்துத் துளை போட்டு, அப்படியே தைத்த மாதிரி ஒரு கால் செய்தார். நான் மனதில் நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன். அதன் பிறகு அவரும் என்னோடு சேர்ந்துவிட்டார்.

கியர் பெட்டியிலிருந்து இரண்டு பைப் போகிறது. ஒன்று சூடான ஆயிலைக் கொண்டுபோவது, மற்றது ஆறியதைத் திருப்பிக் கொண்டுவருவது. திரும்பி வரும் பைப்பில்தான் கூலரை இணைக்க வேண்டும். எது என்று எப்படித் தெரியும்? ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இரண்டையும் தொட்டுப் பார்ப்பதுதான். ஒன்றில் ஷிபு கை வைத்தார், மற்றதில் நான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் விரலில் இளஞ்சூடு.

"எனக்குத்தான் முதல்ல சுடுது."

"அப்போ ரிட்டர்ன் பைப் என்டே கையில," என்று, ஏதோ ஜெயித்தவர் மாதிரி சொன்னார்.

பொருத்தி, குறைந்த ஆயிலை நிரப்பி, வண்டியை ஓடவிட்டோம். நான் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூவை ஒற்றி எடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஒட்டவில்லை. மறுபடி ஒற்றினேன்.

"சேச்சி வண்டிக்குப் பிரசவம் பார்க்குன்ன மாதிரி," என்றார் ஷிபு.

பாத்திரங்களை ஏற்றி ஊருக்குள்ளேயே ஏற்ற இறக்கமான ரோடுகளில் ஓட்டிப் பார்த்தோம். எண் தொண்ணூறைத் தாண்டவே இல்லை. அன்று நான் வீட்டில் தேங்காய் அரைக்கும்போது பாட்டு முணுமுணுத்தேனாம். மீனு சொன்னாள்.

முதலில் ஏறும் வண்டி

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது பாத்திர வண்டி. அதுவும் வெறும் பாத்திரமாகப் போகக் கூடாது. வண்டி கடையைவிட்டுக் கிளம்பும்போது அத்தை பெரிய வார்ப்பில் ஒரு கை அரிசி போடுவார். அங்கே போய் அடுப்பு மூட்டியதும் அந்த அரிசியைத்தான் முதல் உலையில் இடுவார்கள்.

விதுரா சந்திப்பில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஜீப்போடு காத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்த ஊர்தான். ஜீப்பில் சமையல்காரரும் இருந்தார். பிரவீன் என்ற பையன் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரோடு இறங்கி வந்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில். கீழே வரிசையாக வட்டங்களுக்குள் நண்பர்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடியில்.

"சேச்சீ, முன்னால போற வண்டி நம்மட வண்டியல்லே? பேனர் இதுல கட்டணும்."

முன்னால் போகும் வண்டிதான். மங்கலமான வண்டிதான். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. வண்டியின் முகப்பு முழுக்க விரித்துக் கட்டினார்கள். ஒரு முனையை நான்தான் பிடித்தேன். காற்றில் படபடக்காமல் இருக்க, "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க," என்று சொன்னவளும் நான்தான்.

மாப்பிள்ளையின் கன்னம்

இப்போது வளைவுக்கு வருகிறேன்.

வண்டி நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. நின்றபடி ஓடினால் ஃபேன் காற்றை இழுக்கும், எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

"நூத்தி இருவத்திரெண்டு," என்றார் கணவர். பிறகு மெதுவாக, "நின்னா மட்டும் ஆறவா போகுது?" அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. விற்பதற்கு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்ட குரல் அது.

என் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. ஹோஸ் மடங்கியிருக்கும். ஷிபு சொன்னதைக் கேட்டிருக்கலாம். கூலர் சின்னதாகிவிட்டது, அட்டையை அவ்வளவு வெட்டியிருக்கக் கூடாது. மேலே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், அடுப்பெல்லாம் என் முதுகில்.

பிறகு ஏனோ டாக்டர் அம்மாவின் முகம் வந்தது.

"நம்பரப் பாக்காண்டாம்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

குனிந்து பார்த்தேன். அடியில் ஒரு சொட்டு இல்லை. பானெட்டைத் திறந்து இணைப்புகளில் டிஷ்யூவை ஒற்றினேன். வெள்ளை. ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. பிள்ளை பால் குடிக்கிறது, விளையாடுகிறது. பிறகு ஏன் இந்தச் சூடு?

ஏ.சி.யில் சுடுகாற்று என்று அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கூலருக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம்? முகப்பில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கூலர், அதன் பின்னால் ஏ.சி.யுடையது, அதன் பின்னால் பெரிய ரேடியேட்டர். கூலர் மட்டும் கெட்டிருந்தால் ஏ.சி. ஏன் சுட வேண்டும்? மூன்றுக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காற்று.

பானெட்டை மூடிவிட்டு முகப்புக்கு வந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஃபேன் இழுத்த இழுப்பில் பேனர் ஜாலியோடு ஒட்டிக்கொண்டு, அவருடைய ஒரு கன்னம் உள்ளே குழிந்திருந்தது.

நான் சிரித்துவிட்டேன். நடுக்காட்டில், தனியாக, சத்தமாக.

கணவர் காலைத் தாங்கித் தாங்கி இறங்கி வந்தார். "என்னத்துக்குச் சிரிக்க?"

"மாப்பிள நம்ம வண்டிய மூச்சுமுட்ட வைக்காரு. பாருங்க."

அதற்குள் பின்னால் ஜீப் வந்து நின்றது. நான் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு பிரவீன் ஓடி வந்தான்.

"அய்யோ சேச்சீ, வழியில வெச்சு பேனர் கழட்டுறது ஐஸ்வர்யக் கேடல்லே?"

"அடுப்பு மேல போய்ச் சேரலன்னா அதைவிடப் பெரிய கேடு தம்பி. கழட்டல, இடம் மாத்துறோம். சைடுல கட்டுவோம்."

அவன் பக்கவாட்டை அளந்து பார்த்தான். "சைடுல ஆனா நம்மட ஃபோட்டோ டயருக்கு மேலயாகும்."

ஜீப்பிலிருந்து சமையல்காரர் தலையை நீட்டினார். "டயருக்கு மேல ஆனா என்ன? உன் மூஞ்சிக்கு அது போதும். கட்டிட்டு வாடே, எனக்கு உலை வைக்கணும்."

பேனர் பக்கவாட்டுக்குப் போனது. கணவர் போனைப் பிடித்தபடி முகப்பிலேயே நின்று, லாட்டரி முடிவு வாசிப்பவர் மாதிரி வாசித்தார். "நூத்திப் பதினஞ்சு. நூத்தி எட்டு. நூறு. ஏய், தொண்ணூத்தி நாலு."

மீதி மலையைத் தாழ்ந்த கியரிலேயே ஏறினேன். ஏ.சி. ஜில்லென்று வந்தது. நான் ஒரு தடவைகூட எண்ணைக் கேட்கவில்லை. அவராகத்தான் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோயில் முன்னால் செல்லையா அண்ணாச்சி நின்றிருந்தார். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து குலவை போட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பெண் வீட்டுக்குள் இருந்தாள். குலவை வண்டிக்கு.

"வண்டி ஏறாதுன்னாங்க," என்றார் அண்ணாச்சி, சூடான பானெட்டில் கையை வைத்தபடி.

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் தாயி."

சமையல்காரர் வார்ப்பிலிருந்து அத்தையின் அரிசியை வழித்து எடுத்து முதல் உலையில் போட்டார். புகை மூட்டத்தில் நின்று அதைப் பார்த்தேன். கண் கரித்தது, புகையாகத்தான் இருக்கும்.

மறுநாள் பந்தி முடிந்து, நானும் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்து முடித்த பிறகு, பாத்திரங்களை ஏற்றினோம். கணவர், "இறக்கத்துல நான் ஓட்டட்டா?" என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன். செக்போஸ்ட் தாண்டியதும் கேட்டேன்.

"அப்போ, ஆள் பாக்கணுமா? விக்கதுக்கு?"

"எத?" என்றார், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒரு மாலையும் ஒரு வேண்டுகோளும்

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் அத்தை வெளியே வந்தார். சுற்றிப் பார்த்தார். "நல்லா ஏறிட்டாமே. அண்ணாச்சி போன் பண்ணுனாரு," என்றார். விற்பது பற்றி அதோடு பேச்சில்லை. மறுநாள் காலையில் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கேந்திப்பூ, அதாவது செண்டுமல்லி, வரவழைத்து, என் கை மணிக்கட்டைவிடத் தடிமனாக மூன்று சரம் மாலை கட்டி, தன் கையாலேயே வண்டிக்குப் போட்டார். சரியாக ஜாலியின் மேல். சரியாகக் கூலரின் முகத்துக்கு நேராக.

"கண்ணு பட்டுரக் கூடாது, கேட்டியா," என்றார்.

விற்கச் சொன்னவர் மாலை போடுகிறார். அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும்? நன்றி சொன்னேன். வண்டியை எடுத்துத் தெரு திரும்பியதும் மாலையைக் கழற்றிப் பின் இருக்கையில் வைத்தேன். திரும்பி வரும்போது அதே தெருமுனையில் நிறுத்தி மறுபடி மாட்டினேன். ஒரு பூ உதிர்ந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெருமுனை. கூலரைப் பற்றிச் சொல்லலாம். "அப்போ சாமி மாலையாலதான் வண்டி சூடாவுதுன்னு சொல்லுகியா?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?

வண்டி வைத்திருக்கும் வாசகர்களே, நீங்கள் மாலையை எங்கே போடுகிறீர்கள்? காற்றும் மறையக் கூடாது, அத்தையின் மனமும் கோணக் கூடாது. அப்படி ஓர் இடம் வண்டியில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஆயுத பூஜை நெருங்குகிறது. இந்த முறை வாழைக்கன்றும் கட்ட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது.